பொன்னுக்குழித் தண்ணீர்

நான் கல் பார்க்கிற வேலையில் இருப்பவள் என்று தெரிந்ததும், பதுளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது ஒரே கேள்விதான். "அப்ப அந்தப் பொன்னுக்குழியில மெய்யாவே தங்கம் இருக்குங்களா?" இருக்கிறது என்றால் கண் விரியும். இல்லை என்றால், இவள் மறைக்கிறாள் என்று முகம் சொல்லும். முழுப் பதிலைக் கேட்கப் பசறை தாண்டுகிற வரைக்கும்கூட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. முழுப் பதில் இதுதான்: தங்கம் இருக்கிறது, எடுத்தால் கட்டுப்படியாகாத அளவில் இருக்கிறது, அதனோடு வேறொன்றும் இருக்கிறது. அந்த வேறொன்றைப் பற்றி நான் பஸ்ஸில் பேசுவதில்லை.

லுணுகலையில் இறங்கி, தேயிலை மலைக்குள் போகும் கல்ரோட்டில் ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயங்களில் கடைசி லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில், ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு மலையில் ஒரு வாய். அதுதான் பொன்னுக்குழி. வெள்ளைக்காரத் துரை ஒருவர் வெட்டியது என்பார்கள். எந்தத் துரை, எந்த வருஷம் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் எந்தத் தாளிலும் அகப்படவில்லை. குழி என்கிறோமே தவிர அது குழி அல்ல, மலைக்குள் நேராகப் போகிற சுரங்கம். உள்நோக்கிப் போகப் போக மிக மெல்லிய ஏற்றமாக வெட்டியிருப்பார்கள். ஊறுகிற தண்ணீர் வேலையாட்களின் காலடியில் தேங்காமல் தானாக வெளியே வடியட்டும் என்பதற்காக அப்படி வெட்டுவது வழக்கம். துரை போனார், வேலையாட்கள் போனார்கள், தண்ணீர் மட்டும் வடிந்துகொண்டே இருந்தது. கோடையிலும் நிற்காது.

எங்கள் மலை பழைய பாறை. பூமிக்கடியில் வெகு ஆழத்தில் வெந்து, நசுங்கி, பட்டை பட்டையாகி, பிறகு மேலே வந்த பாறை. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அந்தப் பாறைக்குள் கார்னெட் சிவப்புச் சிவப்பாகப் பதிந்திருக்கும். மழைக்குப் பிறகு ரோட்டோரக் கானில், தண்ணீர் வடியும் வாய்க்காலில், அந்தச் சிவப்பு மணல் ஒதுங்கும். சின்ன வயதில் அதை அள்ளி விளையாடியிருக்கிறோம். இந்தப் பாறை இறுகிக் குளிர்ந்து நெடுங்காலம் கழித்து, நிலம் அசைந்தபோது அதில் வெடிப்பு விழுந்தது. வெடிப்பு வழியாகக் கீழேயிருந்து சுடுநீர் ஏறியது. வெறும் நீர் அல்ல, சிலிக்கா, இரும்பு, கந்தகம், ஆர்சனிக், மிக மிகக் கொஞ்சம் தங்கம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு வந்த நீர். மேலே வர வரச் சூடு தணிந்தது, அழுத்தம் குறைந்தது, கரைந்திருந்தவை படிந்தன. தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அது மாதிரி. வெடிப்பு திரும்பத் திரும்பத் திறந்து, திரும்பத் திரும்ப நிரம்பி, வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு ஒன்று உண்டானது. ஓரிடத்தில் ஒரு சாண் அகலம், இன்னோரிடத்தில் ஒரு முழம், சில இடத்தில் விரல் பருமன்.

துரை அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். சுரங்கத்தின் கடைசியில் நரம்பு நறுக்கென்று நின்றுவிடுகிறது. அங்கே பாறை உடைந்து ஒரு பக்கம் வழுக்கியிருக்கிறது; மறுபாதி நரம்பு எங்கோ தள்ளிப் போய்விட்டது. இடது பக்கம் கொஞ்ச தூரம் தோண்டித் தேடியிருக்கிறார், வலது பக்கம் கொஞ்ச தூரம். பிறகு விட்டுவிட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு பரிவு உண்டு. இடதில் இன்னும் பத்தடி போயிருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் என் ஆய்வேட்டில் எழுதினேன். அப்போது அது எனக்கு மிகப் பெரிய விஷயமாக இருந்தது.

அந்த ஆய்வேட்டை நான் எழுத முடிந்தது அக்காவால். அப்பா போன பிறகு, அக்கா பதினாறு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன், பிறகு பல்கலைக்கழகம் போனேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதற்குப் பதிலாக என்னைக் கிண்டல் செய்வாள். அது அவளுக்கு உரிமை.

பல்கலைக்கழகக் கடைசி வருஷத்தில் கல் எடுக்க நான் சுரங்கத்துக்குள் போன நாட்களில் அக்காவும் கூட வந்தாள். பெண்பிள்ளை தனியாகக் குழிக்குள் போவதை லயத்தில் யாரும் ஒப்பவில்லை. ஞாயிறு தவறாமல் வருவாள். டோர்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் சுத்தியலால் நரம்பைத் தட்டுவேன். குவார்ட்ஸுக்குள் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும் ஒரு தாது இருக்கிறது. அதன் பெயர் ஆர்சனோபைரைட்: இரும்பும் கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. இப்படிப்பட்ட நரம்புகளில் தங்கம் தனியாக நிற்பதைவிட இதன் உடம்புக்குள் ஒளிந்திருப்பதே அதிகம். அதனால் தங்கம் தேடுகிறவர்களுக்கு இதைக் கண்டால் சந்தோஷம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சுத்தியலால் ஓங்கி அடித்தால் வெள்ளைப்பூண்டு வாசம் வரும்.

"என்னாடி, பூடு உரிக்கிற வாடை அடிக்குது?" என்று அக்கா கேட்டாள்.

"அது ஆர்சனிக். கல்லுல இருக்கு."

"அப்படின்னா?"

"பாஷாணம்னு சொல்வாங்களே, அது."

"வெளங்கிரும். பாஷாணத்தப் படிக்கவா ஒன்ன கம்பசுக்கு அனுப்புனேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். இருட்டில் அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது. எங்கள் காலடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு அந்தத் தண்ணீரைத்தான் கையால் அள்ளிக் குடித்தோம். குளிர்ந்து இனித்தது.

இதை எழுதும்போது என்னை யாரும் குறுக்கே கேள்வி கேட்கவில்லை என்பதால் நானே கேட்டுக்கொள்கிறேன். பாஷாணம் என்று வாயால் சொன்னவள், அடுத்த நிமிஷம் அந்தத் தண்ணீரை எப்படிக் குடித்தாள்? பதில் மிகச் சாதாரணமானது. நான் கல்லைப் பார்க்க வந்தவள். ஆர்சனிக் எனக்குத் தங்கத்தின் அடையாளம். அந்தச் சொல்லை என் ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன், தண்ணீர் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. கோடி வருஷங்களுக்கு முன் ஓடிய சுடுநீரைப் பற்றி எழுதியவளுக்குக் காலடியில் ஓடிய நீர் கண்ணில் படவில்லை.

படிப்பு முடிந்து பதுளையில் எனக்கு வேலை கிடைத்தது. கல்லும் மண்ணும் தண்ணீரும் சோதிக்கிற அலுவலகம். எனக்குக் கல் பகுதி. இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு கடும் கோடை வந்தது. ஆடி மாதத்துக் காற்று தேயிலையைக் கருக்கிவிட்டுப் போனது. எங்கள் லயத்துக்கு அப்போது தண்ணீர் கீழே இருந்த பீலியிலிருந்துதான். பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து தகரத் தூம்பு வைத்துத் தண்ணீர் விழச் செய்த இடம். லயத்திலிருந்து அதற்குச் செங்குத்தான படி. கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் அந்தப் படியில் இறங்கி, குடத்தோடு ஏறுவார்கள். அம்மா அந்தப் படியில்தான் ஒருமுறை விழுந்து இடுப்பு போய், கடைசி வரைக்கும் நேராக நடக்கவில்லை. அந்தக் கோடையில் பீலியும் நூல் மாதிரி மெலிந்தது. பக்கத்து டிவிசன் ஆட்களோடு வரிசைச் சண்டை வேறு.

பொன்னுக்குழியில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. அங்கேயிருந்து லயத்துக்கு ஓஸ் குழாய் போடலாம் என்று முதலில் சொன்னவள் அக்கா. கோயில் கமிட்டி ஓஸ் வாங்கிக் கொடுத்தது. சிமெந்துத் தொட்டி ஒன்றை ஆண்கள் கட்டினார்கள். மேலேயிருந்து லயம் வரைக்கும் கான் வெட்டி ஓஸைப் புதைத்தவர்கள் பெண்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், வேலை விட்டு வந்து ஒரு மணி நேரம் என்று வெட்டினார்கள். அந்த வேலைக்கு அக்கா ஒரு கங்காணி போல நின்றாள் என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

ஓஸ் போடுவதற்கு முந்தின ஞாயிறு நான் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா என்னை மேலே கூட்டிக்கொண்டு போனாள்.

"நீ கல்லுப் படிச்சவ. பாத்துச் சொல்லு. இந்தத் தண்ணி குடிக்கலாமா?"

சுரங்க வாசலில் தண்ணீர் தேங்கி, அடியில் காவி நிறத்தில் சேறு படிந்திருந்தது. கல்லிலிருக்கும் இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிப் படிகிற சேறு. எனக்கு, பீலி மெலிந்த பிறகு சிலர் அள்ளத் தொடங்கியிருந்த ஓடைத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. ஓடைக்கு மேலே மாட்டுப்பட்டி, அதற்கும் மேலே கக்கூசு. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவது அதனால்தான். பாறைக்குள்ளிருந்து வருகிற தண்ணீரில் அந்தக் கிருமி இருக்காது. அதுவரை நான் நினைத்தது சரி.

"வாசல்ல இருக்கிற செவப்புச் சேறு வேணாம்" என்றேன். "இன்னும் உள்ள போயி, கல்லுல இருந்து தெளிவா ஊறுற எடத்துல ஓஸ போடுங்க. பாறைத் தண்ணி. தாராளமா குடிக்கலாம்."

"அவ்வளவுதானே? இத ஒன் வாயால கேட்கணும்னுதான் இருந்தேன்" என்றாள். கீழே இறங்கும்போது, எதிரே வந்தவர்களிடமெல்லாம், "தங்கச்சி பாத்துருச்சு, நல்ல தண்ணியாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சிவப்புச் சேற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆர்சனோபைரைட் காற்றிலும் நீரிலும் மெல்ல மெல்லச் சிதைந்து ஆர்சனிக்கைத் தண்ணீருக்குள் விடும். அந்த ஆர்சனிக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள் ஒன்று இயற்கையில் உண்டு என்றால், அது இரும்புத் துருவான இந்தக் காவிச் சேறுதான். வாசலில் அது தன்னால் முடிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. நானோ, அந்தச் சேற்றைத் தாண்டி உள்ளே போய், நரம்பின் வாயிலேயே குழாயை வைக்கச் சொன்னேன். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். குழி ஏற்கெனவே இருந்தது, தள்ளியது நான்.

தண்ணீர் வந்தது. லயத்து வாழ்க்கை மாறியது. அதைச் சின்ன விஷயமென்று யாரும் சொல்ல வேண்டாம். பெண்களுக்குச் சாயங்காலம் என்ற ஒன்று கிடைத்தது. தொட்டிக்கு மூடி போட்டு, மஞ்சள் தடவி, பொங்கல் வைத்தார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு பெருமையும் உண்டானது. பீலிக் கல்லில் பாசி வழுக்கும்; இந்தத் தொட்டியில் பாசியே பிடிப்பதில்லை. "பாசி கூட ஒட்டாத தண்ணி" என்று விருந்தாளிகளிடம் சொல்வார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பக்கத்து லயத்துக்காரர்கள்கூட இங்கிருந்துதான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். பாசி பிடிக்காததற்கு மூடியும் இருட்டும் காரணமாக இருக்கலாம். அதை நான் நிச்சயமாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போனது. நான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போவேன், இரண்டு நாள் இருப்பேன், திரும்புவேன். முழங்கால் வலி வந்து அக்கா கொழுந்து வேலையை விட்டாள். கொழுந்து எடுக்கிறவர்களின் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தேயிலைப் பால் ஊறி விரலெல்லாம் கறுத்திருக்கும், உள்ளங்கையில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். கல்யாணம் காட்சி என்றால் எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். அப்போதும் முழுவதும் போகாது. வேலையை விட்டுச் சில மாதத்தில் கறை தானாக மங்கிவிடும். அக்காவுக்கும் மங்கியது. ஆனால் உள்ளங்கையில் சின்னச் சின்ன முடிச்சுகள் நின்றன, அரிசியைத் தோலுக்கடியில் புதைத்த மாதிரி.

"கொழுந்த விட்டு ரெண்டு வருசமாச்சு. இந்தக் கை மட்டும் இன்னும் விடமாட்டேங்குது" என்று அவளே சிரிப்பாள். அதை நான் கேட்டேன், நானும் சிரித்தேன்.

தைப்பொங்கலன்று பகலில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். லயத்தின் அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ஆயா வாழையிலையில் பொங்கல் கொண்டுவந்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் அவள். மரியாதைக்கு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். நான் இலையை வாங்கினேன். அவளுடைய கை திறந்தபடி ஒரு கணம் என் முன்னால் நின்றது.

வெள்ளைக் கை. கறை இல்லாத கை. அதில் அரிசி அரிசியாக அதே முடிச்சுகள்.

ஆயா ஒருநாளும் கொழுந்து எடுத்தவள் அல்ல. வயதுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளைக் காம்பராவில்தான் வேலை. கல் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே அடையாளம் இரண்டு வேறு பாறையில் தெரிந்தால், இரண்டுக்கும் பொதுவானது எது என்று தேடுவோம். ஆயாவுக்கும் அக்காவுக்கும் பொதுவானது என்ன? தேடவே வேண்டியிருக்கவில்லை. தொட்டி என் கண்ணுக்கு நேரே இருந்தது.  எனக்கு மூக்கில் வெள்ளைப்பூண்டு வாசம் அடித்தது. ஆயா பொங்கலில் பூண்டு போட்டிருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சுரங்கத்துக்குள் போய் நரம்பு ஊறும் இடத்தில் ஒரு போத்தல், தொட்டியில் ஒரு போத்தல், பழைய பீலியில் ஒரு போத்தல் நிரப்பினேன். அக்கா வீட்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"தங்கந் தேடித் தேடி முடிஞ்சிருச்சா? இப்ப தண்ணியத் தூக்கிட்டுப் போற?"

"ஆபீசுல கேட்டாங்க" என்று பொய் சொன்னேன்.

அலுவலகத்தில் தண்ணீர் பகுதியில் இருந்தவர் முதல் முடிவைப் பார்த்துவிட்டு, கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி செய்தார். கோளாறு இல்லை. பீலித் தண்ணீர் சுத்தம். சுரங்கத் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் குடிநீருக்குரிய எல்லையைப் பல மடங்கு தாண்டி ஆர்சனிக் இருந்தது. எண்ணை இங்கே எழுதவில்லை. எழுதினால் படிக்கிறவர் எண்ணைத்தான் பார்ப்பார்.

முழங்காலுக்கு மருந்து என்று சொல்லி அக்காவைப் பதுளைக்கு வரவழைத்து, எனக்குத் தெரிந்த தோல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, அதிகம் பேசாதவர். அக்காவின் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"காலையும் காட்டுங்கோ அம்மா" என்றார். உள்ளங்காலிலும் இருந்தது. முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகத் தூறல் விழுந்த மாதிரிப் புள்ளிகள். "கொழுந்து எடுக்கிற கையெண்டு எல்லாரும் பேசாமல் விட்டிட்டினம் போல. என்ன தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"நல்ல தண்ணிங்க டொக்டர். கல்லுக்குள்ள இருந்து வர்றது" என்றாள் அக்கா.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தேன். தண்ணீரை உடனே நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மேற்கொண்டு கெடாது, ஆனால் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொன்னார். பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வந்த தைரியம் பாதி விஷயத்துக்குத்தான். தண்ணீரில் பாஷாணம் கலந்திருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னதைச் சொல்லவில்லை. அவள் லுணுகலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "ஞாயித்துக்கெழம வா. எல்லார்கிட்டயும் நீயே வந்து சொல்லு" என்றாள்.

கடிதமாகச் சொல்லலாம், அலுவலகக் கடிதத்தில் என் பேர் கீழே கையெழுத்தாக மட்டும் இருக்கும். அந்தக் கடிதமும் போனது. ஆனால் கடிதம் தோட்டத்து அலுவலகமான கந்தோரைத் தாண்டி லயத்துக்கு ஏறி வர எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்தனை மாதமும் அவர்கள் குடிப்பார்கள். ஞாயிறு காலையில் போனேன்.

தொட்டியடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் ஓர் அதிகாரி போலப் பேசினேன். நரம்பு, தாது, சிதைவு, சோதனை முடிவு என்று விளக்கினேன். கையில் தாளை வைத்திருந்தேன்.

"நாங்க பச்சத்தண்ணியா குடிக்கிறோம்? கொதிக்க வச்சுத் தேத்தண்ணியா தானே குடிக்கிறோம்" என்று ஒரு பெண் கேட்டாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆர்சனிக் சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும் என்றேன். அவள் முகம் மாறவில்லை. பாசி கூட ஒட்டாத தண்ணியில் விஷமா என்று இன்னொருவர் சிரித்தார்.

அப்போது லயத்துச் சங்கத் தலைவர் எழுந்தார். நல்ல மனிதர், என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர்.

"ஒரு விசயம் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க கம்பஸ்ல படிச்சது இந்தக் குழியத்தானே? இதுல தங்கம் இருக்குன்னு பொஸ்தகம் எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"இப்ப தண்ணி நஞ்சுன்னு சொல்றதும் நீங்கதான். நாங்க ஓஸ கழட்டிட்டு எறங்கிட்டா, மறுநாளே யாராவது மெசினோட வருவாங்க. தங்கத்த எடுக்கணும்னா மொதல்ல எங்க தண்ணிய நிப்பாட்டணும், அப்படித்தானே?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அது சம்மதத்தின் முனகல். எனக்குக் கோபம் வந்தது; வெளியாரிடம் வரும் கோபம் அல்ல, நம்மவர்களிடம் வருகிற கோபம். சுரங்கத்தில் இருக்கிற தங்கம் முழுவதையும் சேர்த்தாலும் எடுக்கிற செலவுக்குக் காணாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் தங்கம் இருக்கிறது என்று பதினைந்து வருஷமாகச் சொல்லித் திரிந்தவள் நான்தான். அவர் கணக்கு பிழை, ஆனால் போட்ட வழி பிழையில்லை. என்னிடம் மிச்சமிருந்தது நான் சொல்லாமல் வைத்திருந்த பாதி மட்டும்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இந்தத் தண்ணிய குடிக்கலாம்னு சொன்னது நான்" என்றேன். "ஓஸ் போட முன்னாடி அக்கா கேட்டுச்சு. அந்தக் கல்லுல பாஷாணம் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். தண்ணியில வரும்னு யோசிக்கல. செவப்புச் சேத்தத் தாண்டி உள்ள போடுங்கன்னு சொன்னதும் நான்தான். அந்தச் சேத்தத் தாண்டி வெளிய வடியிற தண்ணியக் குடிச்சிருந்தாலாவது கொஞ்சம் கொறஞ்சிருக்கும். நான் சொன்னது தப்பு. உங்க கைய பாருங்க. கொழுந்து எடுக்காதவங்க கையையும் பாருங்க."

 ஆயா தன் இரண்டு கையையும் மடியில் வைத்து விரித்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். தலைவர் தன் கையைப் பார்க்காமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு நான் இன்றுவரை வேறு பெயர் தேடவில்லை.

அக்கா எழுந்து வீட்டுக்குள் போனாள். அவள் அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் புருஷனுடைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுகிற கத்தி. தினமும் தீட்டி வைத்திருப்பார்கள். தொட்டிக்கு ஏறும் ஓஸை ஒரு கையால் பிடித்தாள். தான் கான் வெட்டிப் புதைத்த ஓஸ். ஒரே வெட்டு. தண்ணீர் பீறிட்டு அவள் சேலையை நனைத்து, கூடியிருந்தவர்களின் காலடியில் ஓடியது. எல்லோரும் காலை எடுத்துப் பின்னால் நகர்ந்தார்கள். அந்தத் தண்ணீரிலிருந்து அவர்கள் விலகியதை நான் முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தேன். வேறு ஊற்றிலிருந்து லயத்துக்குக் குழாய் வர அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கத்தியை வாசலில் வைத்துவிட்டு அக்கா இரண்டு குடத்தோடு என்னிடம் வந்தாள்.

"எழுதினவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். குரலில் கிண்டல் இருந்தது, கண்ணில் இல்லை. "நீ சொன்னேன்னு குடிச்சேன். நீ சொன்னேன்னு வெட்டிட்டேன். இந்தா, ஒரு கொடத்த நீ தூக்கு."

வாங்கிக்கொண்டேன். அவள் விரல் என் விரலில் பட்டது, முடிச்சுகள் உறுத்தின. அந்தச் செங்குத்துப் படியில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள், நான் பின்னால் இறங்கினேன். பன்னிரண்டு வருஷமாக ஆள் நடமாட்டம் குறைந்த படி. கடைசிப் படிக்கு முன்னால் அவள் நின்றாள். பீலியிலிருந்து தண்ணீர் விழும் கல் முழுவதும் பச்சைப் பசேலென்று இருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"பாசி இருக்கு. வழுக்கும், பாத்து வா."